குளிர் வருமுன்னே கோழிக்கூட்டைப் பார்ப்போம்



தீபாவளிக்கு ஊர் வருகிற பிள்ளைகள் கொழும்புப் பக்கத்திலிருந்து உடுப்பு, பட்டாசு, பலகாரம் என்று ஏதாவது கொண்டு வருவது வழக்கம். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த தம்பி ஒருவர் வத்தளையில் ஒரு கடையில் வேலை செய்கிறார். இரண்டு வருஷத்துக்கு முந்திய தீபாவளிக்கு அவர் கொண்டு வந்தது ஒரு காட்போட் பெட்டி. பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே 30 கோழிக்குஞ்சு. பொரித்து மூன்று நாளும் ஆகாத குஞ்சுகள். வீட்டில் அம்மா வளர்த்த நாட்டுக்கோழி நாலு ஏற்கனவே இருந்தது. அதோடு இந்த முப்பதும் வளர்ந்துவிட்டால் அடுத்த தீபாவளிக்குள் முட்டை விற்றே தங்கச்சியின் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு.

கூட்டையும் அவரே அடித்தார். வத்தளையில் அவர் தங்கியிருந்த வீட்டுப் பக்கத்தில் ஒரு கூடு பார்த்திருக்கிறார். நாலு பக்கமும் கம்பி வலை, மேலே தகரம். பலாமர நிழலில் இருந்த அந்தக் கூட்டில் கோழிகள் நன்றாக இருந்தன. அதே மாதிரி, அதே அளவில், லயத்துக்குப் பின்னால் ஒன்றைக் கட்டினார்.

தைப்பொங்கல் முடிந்து நாங்கள் அந்த லயத்துக்குப் போனபோது முப்பதில் மூன்றுதான் மிச்சம். தம்பி வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த அம்மா எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி. "என்னோட பழைய கோழி நாலும் அப்படியே இருக்குங்க ஐயா. இதுக மட்டும் ஏன் செத்துச்சு?"

அன்றைக்கு எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. நோய் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தோம். பிறகு கால்நடை வைத்தியரிடம் விசாரித்து, வேறு சில தோட்டங்களிலும் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்தக் கேள்விக்குரிய பதிலை இந்த மாதம் எழுதுகிறோம். கோழியைப் பெருக்க நினைக்கிற எல்லாருக்கும் அது உதவும்.

வத்தளைக் கூடும் மலைநாட்டுக் கூடும்

வத்தளை களனி கங்கைக்கு வடக்கே, கடற்கரையோடு ஒட்டிய இடம். வருஷம் முழுக்க 27, 28 பாகை செல்சியஸ் வெப்பம். அங்கே கோழிக்குப் பகை வெக்கைதான். ஆகவே நாலு பக்கமும் காற்று போகும்படி கூடு கட்டுகிறார்கள். அது அங்கே சரி. ஆனால் 1,000 மீற்றர் உயரம் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை பாகை குறையும். அட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். அதாவது வத்தளையைவிட நுவரெலியாவில் 12 பாகை அளவு குறைவு. தை, மாசி விடியற்காலையில் புல்லில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப்போகிற இடங்களைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 பாகை, எங்களைவிட அதிகம். வளர்ந்த கோழிக்கு இறகு ஒரு கம்பளி. குளிர் வந்தால் இறகை உப்பவைத்து உள்ளே காற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். உடம்பு நனையாமலும் மேலே நேராகக் காற்று அடிக்காமலும் இருந்தால் மலைநாட்டுக் குளிரை அது தாங்கும். அம்மாவுடைய பழைய கோழி நாலும் பிழைத்தது இதனால்தான். அதுகள் புதுக் கூட்டுக்கே போகவில்லை. வழக்கம்போல விறகு அடுக்கின மூலையில் படுத்திருக்கின்றன.

குஞ்சுக்கு இருப்பது இறகு அல்ல, வெறும் பூமயிர். தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்ற அதற்குத் தெரியாது. முதல் கிழமையில் அதைச் சுற்றி 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு மூன்று பாகை வீதம் குறைத்து வரலாம். சரியான இறகு முளைக்க ஆறு கிழமை ஆகும். இரவு பஸ்ஸில் கினிகத்தேனை ஏறும்போதே அந்தக் குஞ்சுகளுக்குப் பாதி உயிர் போயிருக்கும். மிச்ச உயிரை வலைக்கூட்டின் காற்று எடுத்துக்கொண்டது. நோய் வந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் கதவைத் திறந்துவிட்டது குளிர்தான்.

எப்படிப் பெருக்குவது?

எங்கள் அபிப்பிராயம் இதுதான். நாலு கோழி இருக்கிற வீட்டில் ஒரே அடியாக முப்பது சேர்க்கக்கூடாது. உங்கள் சொந்தக் கோழியையே அடைக்கு வைத்துப் பெருக்குங்கள். அடைக்கோழி ஒரு மெஷின். கரண்ட் பில் இல்லை, இரவில் எழும்பிப் பார்க்கவும் தேவையில்லை. ஒரு கோழி 10 முதல் 12 முட்டை வரை நன்றாக மூடி அடைகாக்கும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டை ஆறிப்போகும். இட்டு ஏழு நாளுக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு எடுக்காதீர்கள். ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி மாதிரி நரம்பு தெரியும். தெரியாதவற்றை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு வரும். எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும்.

பத்து முட்டை வைத்தால் ஏழோ எட்டோ பொரிக்கும் என்று வையுங்கள். அதில் பாதி சேவல். பருந்துக்கும் கீரிக்கும் ஒன்றிரண்டு போகும். ஆக ஒரு அடையில் மூன்று பேடு மிஞ்சினால் நல்ல காரியம். வருஷத்தில் இரண்டு கோழியை அடைக்கு வைத்தால் நாலு கோழி பத்தாகும். தம்பியின் கணக்கைவிட இது சின்னக் கணக்குத்தான். ஆனால் இந்தக் கணக்கில் கைக்காசு போகாது.

கூட முட்டை வேண்டுமென்று பண்ணைக்கோழி வாங்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். தவறில்லை. நாட்டுக்கோழி வருஷத்துக்கு ஐம்பது, எண்பது முட்டை இடும். பண்ணைக்கோழி 250க்கு மேலே இடும். ஆனால் அது அடைகாக்காது, சும்மா மேய்ந்து வயிறு நிரப்பவும் மாட்டாது. ஒரு கோழிக்கு நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை தீனி வேண்டும். பன்னிரண்டு கோழிக்கு மாதம் 40 கிலோ அளவில் வரும். வாங்குவதற்கு முன்னே அந்தத் தீனிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2022ஆம் ஆண்டு சோளம் தட்டுப்பட்டுத் தீனி விலை ஏறியபோது எத்தனையோ பேர் கோழியை விற்றுவிட்டார்கள். மறுவருஷம் நாட்டுக்கு முட்டை போதாமல் இந்தியாவிலிருந்து கப்பலில் இறக்கினார்கள். பெரிய பண்ணைக்காரருக்கே அந்தக் கதி. வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒரு நாள் குஞ்சு வேண்டாம். ஆறு கிழமை தாண்டி இறகு முளைத்ததாக, முடிந்தவரை மலைநாட்டிலேயே வளர்ந்ததாக வாங்குங்கள்.

எந்த மாதம் அடை வைப்பது?

இங்கேதான் பலர் தவறு விடுகிறார்கள். மலைநாட்டுக்கு எல்லா இடத்திலும் ஒரே பருவம் கிடையாது. அட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேல் பருவமழை. மார்கழி, தையில் மழை குறைவு, ஆனால் இரவுக் குளிர் கடுமை. பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் நேர்மாறு. ஆனி, ஆடியில் காய்ந்துபோய்க் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு மழை தொடங்கி, மார்கழி, தையில் மழையும் குளிரும் கைகோர்த்து வரும்.

ஆகவே மேற்குப் பக்கத்துத் தோட்டங்களில் மாசி மாதம் அடை வைப்பது மிக நல்லது. பங்குனி வெயிலில் குஞ்சு ஓடித்திரியும். ஆனி மழைக்கு முன்னே இறகு முளைத்துவிடும். அதை விட்டால் ஆவணிக் கடைசியில் வைக்கலாம். அதற்குப் பிந்தினால் குஞ்சு சின்னதாக இருக்கும்போதே மார்கழிக் குளிர் வந்துவிடும். ஊவாப் பக்கத்தார் ஆனி, ஆடியில் வைக்கட்டும். எந்தப் பக்கமானாலும் தீபாவளி முற்பணம் கைக்கு வருகிற நேரம் குஞ்சு வாங்குவதற்குரிய நேரம் அல்ல. காசு இருக்கிறதே என்பதற்காக வாங்கிவிடுகிறோம். அந்தக் காசில் கூட்டுக்குத் தகரமும் பலகையும் வாங்கி வையுங்கள்.

கூடு

பன்னிரண்டு கோழிக்கு ஆறடி நீளம், நாலடி அகலம் போதும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்று கணக்கு. தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டினால் ஈரம் ஏறாது, கீரி நுழையாது, எருவும் அள்ளலாம். மழைக்காற்று அடிக்கிற பக்கத்தைப் பலகையாலோ தகரத்தாலோ முழுதாக அடைத்துவிடுங்கள். அட்டன் பக்கத்தில் அது தென்மேற்கு. பதுளைப் பக்கத்தில் வடகிழக்கு. எந்த மூலை என்று லயத்தில் இருக்கிற பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். மற்றப் பக்கங்களில் கீழ்ப்பாதியை அடைத்து, மேற்பாதிக்கு வலை போட்டு, கழுவிக் காயவைத்த உரச்சாக்கைப் படுதாவாகத் தொங்கவிடலாம். பகலில் சுருட்டி வையுங்கள், இரவில் இறக்குங்கள்.

ஆனால் குளிருக்குப் பயந்து கூட்டை பொலித்தீனால் சுற்றி மூடிவிடாதீர்கள். வலைக்கூடு எப்படிப் பிழையோ அதே அளவு பிழை இதுவும். பன்னிரண்டு கோழி இரவு முழுக்க விடுகிற மூச்சில் நிறைய ஈரம் இருக்கிறது. அது போக வழியில்லாமல் தகரத்தில் பட்டு விடியற்காலையில் சொட்டும். மழை ஒழுகுகிறது என்று நினைத்து இன்னும் ஒரு பொலித்தீன் போடுவார்கள்! எச்சத்தில் ஈரம் சேர்ந்தால் கண்ணை எரிக்கும் அமோனியா வாயு வரும். அந்த வாயு தாக்கிய கோழிக்குச் சளி பிடித்து மூச்சு இழுக்கும். காலையில் கூட்டுக் கதவைத் திறந்ததும் குனிந்து முகர்ந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழிக்கும் எரியும். கூரைக்குக் கீழே, கோழி உட்காருகிற உயரத்துக்கு மேலே, ஆறு அங்குல இடைவெளியை வலை அடித்து எப்போதும் திறந்து வையுங்கள். தகரத்துக்கு அடியில் மானாப்புல் பரப்பிக் கட்டினால் சொட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

தரைக்கு உமி மலைநாட்டில் கிடைப்பது கஷ்டம். தச்சு வேலை நடக்கிற இடத்தில் இழைப்புச் சுருளும் மரத்தூளும் கேட்டு வாங்கி மூன்று நாலு அங்குலம் போடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, உருண்டை பிடித்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். மாற்றுங்கள். பழையதைக் குவித்து மக்கவைத்தால் மரக்கறிப் பாத்திக்கு அதைவிட நல்ல எரு இல்லை. 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்தைத் தடைசெய்த காலத்தில் நுவரெலியாப் பக்கத்து மரக்கறிக்காரர்கள் கோழி எருவைத் தேடி அலைந்தது ஞாபகம் இருக்கும்.

கோழி உட்காரக் கட்டுகிற சட்டம் இரண்டு அங்குல அகலமாக, மேல்பக்கம் தட்டையாக இருக்கட்டும். மெல்லிய கம்பு என்றால் விரல் வெளியே நீட்டிக்கொண்டு விறைக்கும். அகலமான சட்டத்தில் உட்கார்ந்தால் வயிற்று இறகு விரலை மூடிக்கொள்ளும். ஒரு மூலையில் அடுப்புச் சாம்பல் ஒரு பெட்டியில் வையுங்கள். மழைக்காலத்தில் மண்குளிப்பு இல்லாத கோழிக்குப் பேன் வராமலிருக்க அது உதவும்.

பல்ப், கரி அடுப்பு: கவனம்

தாயில்லாத குஞ்சை வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது கடையில் கிடைக்கிற எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. முந்தி 60 வொட் இழை பல்ப் ஒன்றைப் பெட்டிக்கு மேலே தொங்கவிட்டால் போதுமாக இருந்தது. அதே நினைப்பில் எல்.ஈ.டி.யைத் தொங்கவிட்டு, வெளிச்சத்திலேயே குஞ்சுகள் விறைத்துப்போன வீட்டையும் பார்த்திருக்கிறோம். வெந்நீர் ஊற்றிய போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, இரவில் இரண்டு தடவை மாற்றினால் பத்துக் குஞ்சைச் சமாளிக்கலாம். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். தள்ளித் தள்ளி வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் சூடு கூட. பரவலாகப் படுத்திருந்தால் சரி. வேறு கருவி தேவையில்லை.

குஞ்சுக்காக என்று இரவில் காம்பராவுக்குள் கரிச்சட்டி வைத்து, கதவு ஜன்னலை அடைத்துப் படுக்கவே படுக்காதீர்கள். எரிகிற கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே குடும்பத்தோடு உயிர் போய்விடும். லயத்து வயரில் கண்டபடி இணைப்பு எடுப்பதும் அப்படித்தான். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு லயம் முழுவதையும் எடுத்துவிடும். முப்பது குஞ்சு போனால் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தீனி

குளிர் நாளில் கோழி கூடச் சாப்பிடும். சூட்டுக்கு அதுதான் விறகு. பொழுதுபட முன் ஒரு கைப்பிடி சோளமோ குறுணலோ போட்டால் இரவு முழுக்க மெல்ல மெல்லச் செரித்துச் சூடு தரும். தீனி மூட்டையைச் சுவரிலிருந்து தள்ளி, பலகைமேல் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த சோளத்தைக் காயவைத்துக் கொடுத்தாலும் நஞ்சு போகாது. கொட்டிவிடுவதே இலாபம். கருவாட்டுத் தலை நல்ல சத்து, ஆனால் ஊறவைத்து உப்பை எடுத்த பிறகு கொடுங்கள். முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கிப் போட்டால் ஓடு கெட்டியாகும். களைநாசினி அடித்த மலைப்பக்கம் கோழியை மேயவிடாதீர்கள். எந்த மலையில் எப்போது அடிக்கிறார்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

லயத்தோடு சேர்ந்து ஊசி மருந்து

கோழி கூடக் கூட நோயும் வேகமாகப் பரவும். எல்லாவற்றிலும் பொல்லாதது இராணிக்கெட். இந்தியாவில் ராணிக்கேத் என்ற ஊரில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். பச்சையாகக் கழியும், கழுத்து முறுக்கும், கால் இழுக்கும். தடுப்பு மருந்து போடாத கூட்டில் வந்தால் ஒன்றிரண்டு தப்புவதே பெரிது. வந்த பிறகு மருந்து இல்லை. கண்ணில் விடுகிற சொட்டாகவும் ஊசியாகவும் தடுப்பு மருந்து இருக்கிறது. உங்கள் பிரதேசத்து அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் எந்த வயதுக்கு எது என்று சொல்லுவார்கள். மழைக்கோ குளிருக்கோ மூன்று நாலு கிழமைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

"நாலு கோழிக்கு யாரு ஐயா மருந்து தருவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மருந்துக் குப்பி ஒன்று நூறு, இருநூறு கோழிக்கு என்று வருகிறது. கலக்கினால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். வழியிலும் ஐஸில் வைத்திருக்க வேண்டும். தனி வீட்டுக்கு அது ஒத்துவராது. ஆனால் ஒரு லயத்தில் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஏழெட்டுக் கோழி என்றால் ஒரு குப்பி சரியாகப் போகும். ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டு, பக்கத்து வீட்டுக் கோழியை விட்டாலும் நோய் அந்த லயத்தை விட்டுப் போகாது. ஆகவே ஒரே நாளில் எல்லாருமாகச் செய்யுங்கள்.

புதுக்கோழி வாங்கினால் மூன்று கிழமை தனியாக வையுங்கள். தீனி போடும்போது பழைய கோழிக்கு முதலில், புதுசுக்குப் பிறகு. செத்த கோழியைக் கானில் போடவேண்டாம். கீழ் லயத்துப் பீலித் தண்ணீருக்கு அது போய்ச் சேரும். மூன்றடி குழியில் புதைத்துவிடுங்கள். கோழியைக் காம்பராவுக்குள் பிள்ளைகளோடு படுக்கவைக்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். கூட்டுக்கு இடம் இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேட்க நாங்களும் கூட வருகிறோம்.

இவ்வளவு பாடுபட்டு வருகிற முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். முழு நாட்டுக்கும் எடுத்தால் அது 17. ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவு புரதம் இருக்கிறது. முட்டையைக் கடைக்குக் கொடுத்துவிட்டு அந்தக் காசில் பிஸ்கட் வாங்குகிற வீடுகளை நாங்கள் பார்க்கிறோம். கோபம் வரத்தான் செய்கிறது. வீட்டில் எத்தனை சின்னப்பிள்ளை உண்டோ அத்தனை முட்டையை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை விற்றால் போதும்.

கேள்வி கேட்ட அந்த அம்மா போன மாசியில் இரண்டு கோழியை அடை வைத்தார். வலைக்கூட்டின் இரண்டு பக்கத்துக்குப் பழைய பலகை அடித்தாயிற்று. கூரைக்கடியில் மானாப்புல் கட்டியதும் அவரேதான். நாங்கள் கடைசியாகப் போனபோது பெரிசும் சின்னதுமாகப் பதினொன்று இருந்தது. வத்தளைத் தம்பி இந்தமுறை பெட்டி கொண்டு வரவில்லை, ஒரு கட்டுக் கம்பி வலையும் இரண்டு கிலோ ஆணியும் கொண்டு வந்திருந்தார்.

தடுப்பு மருந்து போட விரும்பும் லயத்தார், வீட்டுப் பெயரையும் கோழி எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி உங்கள் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். குஞ்சுகளையும் சேர்த்து எண்ணி எழுதுங்கள்.